ரிசீவரை மெஷின் பக்கத்துல வைங்க

நேற்றுக் காலை வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். சந்தாபுராவில் எங்கள் தெருமுனையில் ஒரு லேப் வந்திருக்கிறது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு ரசீதுக்காக நின்றபோது கரண்ட் போய் வந்தது. மேஜைக்கு அடியில் இருந்த பழைய கம்ப்யூட்டர் எழுந்திருக்கப் பார்த்து, நீளமாக ஒரு பீப், குட்டையாக இரண்டு பீப் அடித்துவிட்டு அப்படியே நின்றது. ரசீது போடும் பெண் பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினாள். மறுபடியும் நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டிஸ்ப்ளே கார்டும்மா. லூசாயிருக்கும். ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவ கழட்டி மாட்டச் சொல்லு" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சர்க்கரை ஏறிப்போய்க் கிழவன் உளறுகிறான் என்று நினைத்திருப்பாள். வீட்டுக்கு வந்து நாலு இட்லி சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் உன் ஞாபகமாகவே இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ எங்கள் கடைக்கு வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆஸ்டின் டவுனில், மாடியில், முன்னறையில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு டெலிபோன். அதை எடுப்பதற்கு ஆள் வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். விவேக் நகரிலிருந்து நடந்தே வந்திருந்தாய். அதுவரை கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சட்டைக் காலரைச் சரிபார்க்கும் வேலை. முதலாளி "உக்காரும்மா" என்று சொன்னதும் நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாய். "மூணு வருஷமா நின்னுக்கினே வேல பாத்தேண்ணா. உக்கார வெச்சு சம்பளம் குடுக்கிறாங்கன்னா எங்கம்மா நம்ப மாட்டேங்குது" என்று அன்றைக்கு மத்தியானமே என்னிடம் சொன்னாய். நான் உன்னைவிடப் பத்து வயது மூத்தவன், டிப்ளமோ படித்த சர்வீஸ் இன்ஜினியர். போன் எடுக்கிற பெண்ணிடம் எனக்கென்ன பேச்சு என்று ஒரு தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டேன். அப்போது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்திதான்.

உனக்கும் எங்கள் சர்வீஸ் மேஜைக்கும் நடுவில் ஒரு கதவு. அது எப்போதும் திறந்தே கிடக்கும். உள்ளே நாங்கள் மெஷினை ஆன் செய்வோம், அது பீப் அடிக்கும், நாங்கள் "ராம் போச்சு", "கார்டு போச்சு" என்று கத்துவோம். நீ டெலிபோன் டயரியின் கடைசிப் பக்கத்தில் பெரிய கோடு, சின்னக் கோடு என்று போட்டு, எதிரில் நாங்கள் கத்தியதை எழுதி வைத்திருந்திருக்கிறாய். எங்களுக்கு இது தெரியவே தெரியாது. ஒரு நாள் நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது நீ போனில் பேசுவது காதில் விழுந்தது. "சார், ரிசீவரை மெஷின் பக்கத்துல வைங்க. இப்ப ஆன் பண்ணுங்க. நீங்க பேசாதீங்க, அது பேசட்டும்." கண்ணை மூடிக் கேட்டாய். பிறகு, "உங்க வீட்ல ஸ்கூல் போற பசங்க இருக்காங்களா சார்? பென்சில் அழிக்கிற ரப்பர் ஒண்ணு வாங்கி வெச்சுக்குங்க" என்று ஆரம்பித்து, கரண்டைப் பிடுங்கச் சொல்லி, பெட்டியைத் திறக்கச் சொல்லி, ராமைக் கழற்றி அதன் தங்க நிற ஓரத்தை ரப்பரால் தேய்த்து மாட்டச் சொன்னாய். பத்து நிமிஷத்தில் அந்த ஆள் "ஓடுதும்மா" என்று கத்தியது வாசல்படியில் நின்ற எனக்கே கேட்டது. அவர் வீட்டுக்குக் கிளம்பிய நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தேன்.

உனக்கு ஸ்க்ரூ டிரைவரைத் தொடப் பயம். கரண்டுக்கு அவ்வளவு பயந்த ஆள் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்கிறாளே என்று உன்னை எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாய். கோபமும் வரும் உனக்கு. "நான் எதுவும் பண்ணலம்மா, அதுவே நின்னுடுச்சு" என்று சொல்கிறவர்களைக் கண்டால் ஆகாது. "சார், ஒண்ணும் பண்ணாம எதுவும் நிக்காது. டீ கொட்டினீங்களா, அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுவிடுவாய். அவரும் கொட்டித்தான் இருப்பார்.

புதிதாக வாங்க வருகிறவர்களையும் நீ விடவில்லை. யார் வந்து கேட்டாலும் நான் ஒரு பட்டியல் எழுதிக் கொடுப்பேன்: இந்த பிராசஸர், இவ்வளவு ராம், இவ்வளவு ஹார்ட் டிஸ்க். தபால் ஆபீசில் ரிட்டையர் ஆன ஒரு பெரியவர் அந்தப் பட்டியலோடு படியிறங்கப் போனபோது நீ அவரை நிறுத்தி, "இதுல யாரு சார் உக்காரப் போறாங்க?" என்று கேட்டாய். தான்தான், துபாயில் இருக்கிற பையனுக்கு மெயில் அனுப்ப என்றார். "கண்ணு எப்படி சார்?" இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்றார். "அப்ப அண்ணன் எழுதினதுல பிராசஸரை ஒரு படி எறக்கிக்கலாம் சார். மானிட்டரைப் பெருசா போடச் சொல்லுங்க. வேகமா தெரிஞ்சு என்னா, தெரியவே இல்லன்னா?" பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பட்டியலைத் திருத்திக் கொடுத்தேன். காது சூடாகிவிட்டது எனக்கு. நீ சொன்னது சரி என்பதுதான் அதிக எரிச்சல். அதற்குப் பிறகு போன் செய்கிறவர்கள், "இன்ஜினியர் வேணாம், அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அது வரைக்கும் பொறுத்துக்கொண்டவன் அதற்கு மேல் பொறுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மல்லிகா விவகாரம் வந்தது. மல்லிகாவின் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினார். அவர்கள் வீட்டு முன்னறையில் நான் என் கையால் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரில் மல்லிகா தமிழில் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடித்துக் கொடுப்பாள். இரண்டு வருஷம் நன்றாக ஓடிய மெஷின் திடீரென்று தானாக அணைந்து தானாக எழ ஆரம்பித்தது. பாதி அடித்த பத்திரிகை காணாமல் போய்விடும். மூன்று தடவை போனேன். ராம் மாற்றினேன், பவர் சப்ளை மாற்றினேன், விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்வரை சமர்த்தாக இருக்கும். தெருமுனை திரும்புவதற்குள் பழைய குருடி கதைதான். எனக்கு அலுத்துவிட்டது. "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்கக்கா, புதுசு ஒண்ணு வாங்கிடுங்க" என்று சொல்லி ஒரு கொட்டேஷனும் எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் நான் ஆர்டர் கேட்கப் போனபோது மல்லிகா வெள்ளந்தியாகச் சொன்னாள்: "உங்க ஆபீஸ்ல போன் எடுக்கிற பொண்ணு, இப்ப வாங்காதீங்க, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிச்சு சார்." நான் நேராகக் கடைக்கு வந்து, முதலாளி அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன். வருகிற எல்லாரையும் வாங்க வேண்டாம் என்று நீ கலைக்கிறாய், கடையை மூட வைத்துவிடுவாய் என்றேன். உன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான்தான்.

அன்று திங்கட்கிழமை. முதலாளி வெளியே வந்து எல்லார் முன்னாலும் உன்னிடம் கேட்டார். அவர் மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் பேசும்போது கன்னடம் எட்டிப் பார்க்கும். "ஏனம்மா, நான் கடை வெச்சிருக்கிறது பொட்டி விக்கிறதுக்கா, வேணாம்னு சொல்றதுக்கா?"

நீ எழுந்து நின்றாய். "எங்க கோளாறுன்னே தெரியல சார். தெரியாம எப்படி புதுசு வாங்கச் சொல்றது? புதுசும் அதே எடத்துலதான சார் உக்காரும்?"

"சரி. சனிக்கிழமைக்குள்ள அந்த மெஷினை ஓட வெச்சுக் காட்டு. இல்லாந்த்ரே, திங்கக்கிழமை வர வேணாம்."

அவர் உள்ளே போன பிறகு நீ கொஞ்ச நேரம் நின்றபடியே இருந்தாய். மறுபடி நின்றுகொண்டே வேலை பார்க்கிற இடத்துக்குப் போவதைப் பற்றி நினைத்திருப்பாயோ என்னவோ. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று தடவை போய் என்னால் முடியாததை இவள் டெலிபோனில் என்ன கிழித்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

நீ மல்லிகாவைக் கூப்பிட்டு ஒரு நோட்டை எடுத்து வைக்கச் சொன்னாய். "ஒவ்வொரு தடவ நிக்கும்போதும் மணி எழுதுங்கக்கா. அப்ப வீட்ல, அக்கம் பக்கத்துல என்னா நடந்துச்சுன்னும் எழுதுங்க. ஒண்ணையும் விடாதீங்க." தினம் மூன்று தடவை கூப்பிட்டு அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்பாய். பதினொன்றே கால், மேல் வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டார்கள். பன்னிரண்டு மணி, பக்கத்து வீட்டு மிக்ஸி. மூன்றரை, மாமியார் டிவி பார்க்க உட்கார்ந்தார், மறுபடி மோட்டார். நான் போகும்போதும் வரும்போதும் "மாமியார் என்ன சீரியல் பாத்தாங்களாம்?" என்று கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை.

பங்குனி வெயில். புதன்கிழமை சாயங்காலம் திடீரென்று ஒரு மழை, இந்த ஊரில் அந்த மாதத்தில் பெய்யுமே, அப்படி அடித்துக்கொண்டு பெய்தது. வியாழக்கிழமை வழக்கமாக உங்கள் சர்ச்சுக்குப் போய்விட்டுத் தாமதமாக வருவாய். அன்றைக்குப் போகவில்லை, எனக்கு முன்னால் வந்து போனருகே உட்கார்ந்திருந்தாய். மல்லிகா நோட்டில் எழுத ஒன்றுமே இல்லை. மோட்டார் போட்டார்கள், மிக்ஸி போட்டார்கள், மெஷின் நிற்கவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை வெயில் ஏறியதும் மறுபடி இரண்டு தடவை நின்றது.

"அண்ணா, மழ பெஞ்சா மெஷின் நல்லா இருக்கு" என்றாய்.

"அப்ப வருண பகவான்கிட்ட வருஷ சர்வீஸுக்கு கான்ட்ராக்ட் போட்டுடலாம்" என்றேன் நான்.

நீ என்னைக் கவனிக்காமல் டயல் செய்தாய். "அக்கா, ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. உங்க வீட்ல பாத்திரம் எங்க கழுவுறீங்க?" கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். எதிர்முனையில் மல்லிகா, இப்போது சமையலறைக்கு உள்ளேதான், பொங்கலுக்கு அப்புறம் வீட்டுச் சொந்தக்காரர் சிங்க் வைத்துக் கொடுத்தார் என்று சொல்லியிருக்கிறாள். "அதுக்கு முன்னாடி?" முன்பெல்லாம் பின்பக்கம், மீட்டர் பெட்டிக்குக் கீழே சுவரோரமாக ஒரு கல்லின் மேல். "அங்க தரையில இரும்புக் கொழா ஒண்ணு தலைய நீட்டிக்கினு இருக்குமே, பாருங்க." மல்லிகா போய்ப் பார்த்துவிட்டு வந்து இருக்கிறது என்றாள். நீ ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"அண்ணா, நீங்களும் வாங்க. அந்த வோல்ட் பாக்கிற மீட்டரையும் எடுத்துக்குங்க."

எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதியை வழியில் நீ சொன்னாய். சின்ன வயதில் உங்கள் வீட்டில் வெயில் காலம் வந்தால் குழாயைத் தொட்டாலே ஷாக் அடிக்குமாம். ஒரு லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, கொல்லையில் கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் குழி காய்ந்து கிடக்கிறது, தினம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுபோய் அந்த இரும்புக் குழாயில் ஊற்றுவது உன் வேலையாம். மறந்த அன்றைக்கு உனக்கே ஷாக் அடித்து மூலையில் போய் விழுந்திருக்கிறாய். ஸ்க்ரூ டிரைவரைத் தொட நீ ஏன் பயந்தாய் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மல்லிகா வீட்டு பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்தேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பால பாடம். பதினாறு காட்டியது. மோட்டார் ஓடும்போது இன்னும் ஏறியது. மெஷின் பூட்டிய அன்றைக்கு நான் அளந்திருக்கிறேன், சர்வீஸ் கார்டில் 'எர்த் சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கல்லின் மேல் தினம் மூன்று வேளையும் பாத்திரம் கழுவித் தண்ணீர் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது; சிங்க் வந்த பிறகு குழி காய்ந்துபோயிருக்கிறது. பிறகு போன மூன்று தடவையும் நான் மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஒருமுறை பார்த்ததுதானே என்ற மெத்தனம்தான்.

மல்லிகாவின் மாமியார் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார். நான் கல் உப்பைக் கொட்டி ஊற்றினேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொட்டி முன்னாடி ரூம்ல இருக்கு, தண்ணிய பின்னாடி ஊத்தறாரே இவரு" என்று மருமகளிடம் சொன்னார். ஆறாவது குடத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் பொறுத்து அளந்தேன். இரண்டுக்குச் சற்று மேல். நீ மாடிப்படியில் நின்று மேல் வீட்டுக்காரரிடம், "சார், மோட்டர் போடுங்க… நிறுத்துங்க… மறுபடி போடுங்க" என்று ஐந்து தடவை போட வைத்தாய். மெஷின் அசையவில்லை. மல்லிகா உடனே உட்கார்ந்து, பாதியில் நின்றிருந்த பத்திரிகையை அடிக்க ஆரம்பித்துவிட்டாள். நீ வாசலில் வந்து நின்று இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நீ தோற்க வேண்டும் என்று நினைத்து வந்தவன் அங்கே வந்து சேர்வதற்குள் எங்கேயோ தொலைந்துபோயிருந்தான்.

சனிக்கிழமை முதலாளி "ஓடுதா?" என்று கேட்டார். "ஓடுது சார். அண்ணன் மீட்டர் வெச்சுப் பாத்தாரு, எர்த்ல கோளாறு" என்றாய். சர்வீஸ் கார்டில் 'சரிசெய்தவர்' என்ற இடத்தில் உன் கையெழுத்தில் என் பெயர் இருந்தது. முதலாளி என் தோளைத் தட்டினார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. உன் நாற்காலி உனக்கு நிலைத்தது. எனக்கோ கன்டோன்மென்ட் ஏரியா முழுக்க எர்த் இன்ஜினியர் என்று பெயர் வந்துவிட்டது. யார் வீட்டில் மெஷின் நின்றாலும் நான் போய் முதலில் கொல்லைப்புறத்தைப் பார்ப்பேன். பெரிய ஆளாக்கிவிட்டாய் என்னை.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஒரே கடையில் வேலை செய்தோம். ராம் விலை இறங்கியபோதும், மானிட்டர் தட்டையானபோதும், ஆட்கள் லேப்டாப்புக்குப் போனபோதும் நீ அந்தப் போனருகேதான் இருந்தாய். பிறகு ஒரு பெரிய கம்பெனியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசுகிற வேலைக்குப் போனாய். உனக்குக் கீழே இருபது பேர். "இங்க எல்லாம் ஸ்கிரிப்ட்தான்ணா. நான் மட்டும் நடுநடுவுல மெஷின் எங்க இருக்குன்னு கேட்டுடறேன்" என்று சொல்லிச் சிரித்தாய். உன் மகள் படிப்புக்கு லேப்டாப் வாங்கும்போது என்னைக் கூப்பிட்டு, "நீங்க லிஸ்ட் எழுதுங்கண்ணா, நான் திருத்தறேன்" என்றாய்.

போன வருஷம் நீ காலமான பிறகு உனக்காக வைத்த ஜெபக் கூட்டத்துக்கு வந்திருந்தேன். முடிந்ததும் உன் வீட்டுக்காரர் எனக்கு டீ கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுது ஓய்ந்தவர், பழைய கதைகளைச் சொல்லிச் சிரிக்கிற நிலைக்கு வந்திருந்தார். "ஆபீஸ்ல நடக்கிறதெல்லாம் ஒண்ணு விடாம வந்து சொல்லுவா சார். முதலாளி ரூமுக்கும் இவ டேபிளுக்கும் நடுவுல வெறும் ப்ளைவுட்டாமே? உள்ள யார் என்ன பேசினாலும், கதவ சாத்திக்கினு பேசினாக்கூட, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே கேக்குமாம்." நான் டீயை அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஊரின் அந்தக் கோடியிலிருந்து ஒரு கம்பி வழியாக வருகிற பீப்பில் எந்தக் கார்டு என்று சொன்ன காது. நாலடி தள்ளி, நான் அந்தத் திங்கட்கிழமை சேர்த்துச் சேர்த்துச் சொன்னது மட்டும் அதில் விழாமலா இருந்திருக்கும்?

இப்போதும் யாராவது கூப்பிட்டு என்ன லேப்டாப் வாங்கலாம், ஏன் ஓடவில்லை என்று கேட்டால் நான் உடனே பேசுவதில்லை. யார் உட்காருவார்கள், எங்கே வைப்பார்கள் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல, அந்த வெள்ளிக்கிழமை என் பக்கம் திரும்பி 'நீங்களும் வாங்க' என்று சொன்ன முகம் எனக்கு ஞாபகம் வருகிறது. வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. எல்லாம் தெரிந்த பிறகும் நீ என்னைக் கடைசிவரைக்கும் அண்ணா என்றுதான் கூப்பிட்டாய்.